கீரைக்கட்டும் செங்கொடியும்

சென்னையில் எங்கே குடியிருக்கலாம் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் நான் சொல்லும் பதில், திருவல்லிக்கேணி. தெரு குறுகல், கார் நிறுத்த இடம் கிடையாது, நடுத்தெருவில் மாடு நிற்கும். இருக்கட்டும். காலையில் காய் வாங்க, பகலில் ரேஷனில் நிற்க, ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகம் கிளற, சாயங்காலம் ஊர்வலத்தில் நடக்க, எல்லாவற்றுக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும் என்கிற பாக்கியம் வேறு எந்தப் பேட்டைக்கு வாய்த்திருக்கிறது? அதைவிடப் பெரிய சந்தோஷமும் ஒன்று உண்டு. காலையில் எனக்குக் கீரை எடுத்துக்கொடுத்தவர் சாயங்காலம் என் பக்கத்தில் கொடி பிடித்து நடப்பார். இந்தப் பேட்டையை நான் இப்படிக் கொண்டாடுவதற்கு அதுதான் காரணம்.

ஜாம்பஜாரை விடிந்தும் விடியாமலும் பார்க்க வேண்டும். கோயம்பேட்டிலிருந்து குட்டியானை வண்டிகள் வந்து நிற்கும். மூட்டைகள் திபுதிபுவென்று இறங்கும். கோணியைப் பிரித்ததும் பச்சை மிளகாயின் காரம் மூக்கில் ஏறும். ஏழு மணிக்குள் பாரதி சாலை ஓரம் முழுக்கக் கத்தரிக்காய் ஒரு பக்கம், முருங்கைக்காய் ஒரு பக்கம், சாம்பார் வெங்காயம் கூறு கூறாக ஒரு பக்கம் என்று களை கட்டிவிடும். நாட்டுக் காய்க்கு ஒருவர், கேரட், பீன்ஸ் மாதிரி இங்கிலீஷ் காய்க்கு இன்னொருவர். தேங்காய்க்காரர் தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்லிவிடுவார். நான் வாங்கிப்போன தேங்காயில் அவர் வாக்கு இதுவரை பொய்த்ததில்லை.

எனக்கு எல்லோரையும்விடப் பிடித்தது கீரைக்கார அக்காதான். நனைத்த சாக்கின் மேல் அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று வரிசையாக அடுக்கி, கையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டே இருப்பார். கட்டை எடுத்தால் வேர்மண்ணோடு தண்ணீர் சொட்டும். நான் போய் நின்றதும் முதல் கேள்வி, "இன்னாம்மா, இன்னிக்குக் கடையப் போறியா, பொரியலா?"

"கடையலாம்னு இருக்கேங்க்கா."

"அப்ப அத்த வையி. அது தண்டு முத்தலு. இத எடுத்துக்கோ, ரெண்டு பூண்டு தட்டிப் போடு, வெண்ணையா மசியும்."

சொன்ன மாதிரியே மசியும். பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பைக்குள் ஒரு கொத்து கறிவேப்பிலையும் இரண்டு காம்பு கொத்தமல்லியும் கொசுறாக விழுந்திருக்கும். கேட்கவே வேண்டாம். செயலியில் சொன்னால் பத்து நிமிஷத்தில் வாசலுக்கே காய் வந்து இறங்கும் காலத்தில் எதற்கு இந்த அலைச்சல் என்று என் தங்கை கேட்பாள். அந்தச் செயலியில் கறிவேப்பிலைக்குத் தனியாகக் காசு. தண்டு முற்றல் என்று சொல்ல அங்கே ஆளும் கிடையாது. தக்காளிக்கடை பாய் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு ஆக்கவா, நாலு நாளைக்கு வைக்கவா?" என்று கேட்டு, ரசத்துக்கு நாட்டுத் தக்காளியும் வைத்துக்கொள்ளப் பெங்களூர்த் தக்காளியுமாகப் பழம் பார்த்துப் பொறுக்கிப் போடுவார். என் வீட்டுச் சமையல் இவர்கள் இருவருடைய யோசனையில்தான் நடக்கிறது என்றால் மிகையில்லை.

பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. மஞ்சப்பை திரும்ப வந்துவிட்டதில் எனக்கு உள்ளூர அவ்வளவு மகிழ்ச்சி. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த பையில் கீரை வாங்குவது தனி அழகு. பையில் அச்சடித்த மணமக்கள் பெயரைப் படித்துவிட்டு, "யாரும்மா இவங்க, உங்க சொந்தமா?" என்று அக்கா விசாரிப்பார். அங்கேயே ஐந்து நிமிஷம் போய்விடும்.

மளிகைக்கும் இந்தப் பேட்டைக்கும் உள்ள உறவு நூறு வருஷத்தைத் தாண்டியது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904 இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடை அதுதான். டியூசிஎஸ் என்றால் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாங்குகிறவர்களே முதலாளிகளாகச் சேர்ந்து, கலப்படமில்லாத பொருளை நியாய விலைக்குக் கொண்டுவந்து கொடுப்போம் என்று அந்தக் காலத்திலேயே இந்தத் தெருக்காரர்கள் துணிந்திருக்கிறார்கள். நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது.

ரேஷன் கடையையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 1997 இல் மத்திய அரசு குடும்பங்களை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்துவிட்டது. அதனால்தான் மேன்ஷன் மாடியில் குடியிருக்கும் குமாஸ்தாவும் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று கைரேகை வைக்கிறோம். எந்தக் கடையில் பருப்பு வந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் தொடங்கிவிட்டது, எந்த வார்டில் தண்ணீர் வரவில்லை, அதற்கு யாரைப் பிடிக்க வேண்டும், எல்லாமே அந்த வரிசையில் தெரிந்துவிடும். பேட்டை அரசியலை நான் கற்றுக்கொண்ட இடம் அது.

சாப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது. ஆகவே ஒன்றே ஒன்று. 1948 இலிருந்து நடக்கும் ரத்னா கபேயில் இட்லியைத் தட்டில் வைத்ததும் வாளியோடு வந்து, இட்லி முங்கும்வரை சாம்பாரை ஊற்றுவார்கள். போதும் என்று கை காட்டினாலும் இன்னொரு கரண்டி விழும். அங்கே சாப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலை நடைபாதையில் பரப்பியிருக்கும் பழைய புத்தகங்களைக் குனிந்து கிளறுகிற சுகத்தை நான் எந்த மாலுக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டேன். நோன்பு மாதத்தில் இங்கே இருந்து பார்க்க வேண்டும். 1795 இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதியில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்குச் சிந்தி இந்துக்களின் சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக உணவு பரிமாறுகிறார்கள். பார்த்தசாரதி கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் இது நடக்கிறது. இதையெல்லாம் அதிசயமாகச் சொன்னால் எங்கள் தெருக்காரர்களுக்குப் புரியவே புரியாது. அவர்களுக்கு இது தினப்படி நடப்பு.

இனி ஊர்வலத்துக்கு வருகிறேன்.

2023 மே தினத்தன்று காலையில் கீரை வாங்கப் போனபோது அக்காதான் கூப்பிட்டார். "சாயங்காலம் ஊர்கோலம் இருக்கு, நீயும் வாம்மா." கழுத்தில் நடைபாதை வியாபாரிகளுக்கான அடையாள அட்டை தொங்கியது. 2014 இல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டத்தைப் பற்றி எனக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னவரே அவர்தான். கணக்கெடுத்து முடிக்கும்வரை கடையை அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று விரல் மடக்கிச் சொல்வார். அந்த ஏப்ரலில்தான் நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன்கடைகளை அப்புறப்படுத்த, மீனவப் பெண்கள் சாலையிலேயே உட்கார்ந்து போராடியிருந்தார்கள். அங்கே 2024 இல் நவீன மீன் அங்காடி திறந்தது தனிக்கதை.

அந்த மே தினத்துக்கு இரட்டைச் சிறப்பு. 1923 மே 1 அன்று, மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இரண்டு இடங்களில் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. இன்னொன்று எங்கள் திருவல்லிக்கேணிக் கடற்கரை. சரியாக நூறு வருஷம். கொடிக்குத் துணி கிடைக்காமல் மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்தார் என்று இங்கே இன்றும் சொல்வார்கள். இரண்டாவது சிறப்பு அன்று காலைச் செய்தி. தினசரி வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிவிடும் சட்டத்திருத்தத்தை ஏப்ரல் 21 அன்று சட்டமன்றம் நிறைவேற்றியிருந்தது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தெழுந்தன. மே தினக் காலையில் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்து முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெற்றுவிட்டதாக அறிவித்தார். நாங்கள் கூடுவதற்குள் போன் போனாகச் செய்தி பரவிவிட்டது. கண்டன ஊர்வலத்துக்காக எழுதி வைத்திருந்த பதாகைகளோடு வெற்றி ஊர்வலம் போனோம்!

பாரதி சாலையில் கூடி, பெல்ஸ் சாலை வழியாக கிரிக்கெட் மைதானத்தைக் கடந்து, வாலாஜா சாலையில் திரும்பி, சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை வரை. தூரம் அதிகமில்லை. அந்தத் தூரத்தை நடக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முன்னால் பறை. பறை அடிக்கிற பையன்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சி, ஒருமுறை தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காய்ச்சி, சுதி ஏறியதும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு அடியைத் தொடங்கினார்கள். முதல் அடி விழுந்ததும் உள்ளங்கால் தரையில் நிற்கவில்லை. "எட்டு மணி நேர வேலை எங்கள் உரிமை!" என்று முன்னாலிருந்து ஒரு குரல். "எங்கள் உரிமை! எங்கள் உரிமை!" என்று பின்னால் நாங்கள். காலையில் "கட்டு பத்து ரூபா, கட்டு பத்து ரூபா" என்று தெருவைக் கூட்டிய அக்காவின் அதே தொண்டை இப்போது கோஷம் எடுத்துக் கொடுத்தது. மைக்கே தேவைப்படவில்லை. சாலை முழுக்கக் கேட்டது.

என் இடது பக்கம் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்து அவருக்குக் காலில் நரம்பு சுருண்டு போயிருந்தது. கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்த பிறகு அவருடைய கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் வந்தது. "கூட்டமில்லாதப்ப அஞ்சு நிமிசம் உக்காந்தா போதுங்க்கா, மறுபடி நிக்கலாம்" என்றார். அவர் மடித்துக் காட்டிய புடவைகளை நானும் எத்தனையோ தரம் பிரித்துப் போடச் சொல்லியிருப்பேன். அந்த ஐந்து நிமிஷத்தின் அருமை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இதுவரை ஊர்வலத்தில் நடக்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயப்பட ஒன்றுமே இல்லை. ஓரத்தில் போலீஸ்காரர்கள் கயிறு பிடித்து வருவார்கள், வழியில் யாராவது மோர் கொடுப்பார்கள், கால் வலித்தால் வரிசையை விட்டு விலகி நடைபாதையில் உட்கார்ந்துகொள்ளலாம். கோஷம் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். முன்னால் சொல்வதைத் திரும்பச் சொன்னால் போதும். மூன்றாவது முறை தானாக வந்துவிடும். பஸ்ஸில் போகும்போது ஊர்வலம் என்றால் வழிமறிக்கும் கூட்டம். உள்ளே இறங்கி நடந்தால் அதில் தெரிந்த முகங்களே அதிகம். நம் தெரு ரேஷன் வரிசையில் நின்றவர், தேங்காய்க்காரர், பூக்கட்டும் ஆயா, பஸ் கண்டக்டர் என்று ஒவ்வொருவராகக் கையசைப்பார்கள். கல்யாண வீட்டில்கூட இத்தனை பேர் என்னை விசாரித்ததில்லை.

விருந்தினர் மாளிகை எதிரே கூட்டம் முடிந்ததும் சிலர் கடற்கரைப் பக்கம் போனோம். மெரினாவில் இப்போது போராட்டத்துக்கு அனுமதி கிடைப்பதில்லை. ஆனால் காற்று வாங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே. பாறையை நெம்பித் தள்ளும் நான்கு பேரின் உழைப்பாளர் சிலை 1959 குடியரசு தினத்துக்கு முந்தைய நாளிலிருந்து அங்கே நிற்கிறது. செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்த நால்வரின் முதுகிலும் தொடையிலும் திரண்டு நிற்கும் தசைநாரை அருகே போய்ப் பாருங்கள். கோயம்பேட்டு வண்டியிலிருந்து மூட்டை இறக்கும் அண்ணன்களின் முதுகு அப்படியே இருக்கும். ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் வாங்கினோம். காசு நான் கொடுக்கப் போனால் அக்கா விடவில்லை. "நீ நாளைக்குக் கீரை வாங்க வருவல்ல, அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

பெண்களுக்கு இங்கே வருவது இன்னும் சுலபம். 2021 மே மாதத்திலிருந்து மாநகரச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. அண்ணா சதுக்கம் போகும் பிங்க் பஸ்ஸில் ஏறலாம், இல்லையென்றால் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கலாம். அடுத்த மே தினத்துக்கு அவசியம் வாருங்கள். எந்தச் சங்கத்தின் பின்னால் நடப்பது என்பது உங்கள் விருப்பம், எல்லா நிறத்துக் கொடிக்கும் இங்கே இடம் உண்டு. காலையிலேயே வந்துவிட்டால் ஜாம்பஜாரில் காய் வாங்கிவிடலாம். கையோடு ஒரு துணிப்பை கொண்டுவாருங்கள், பத்து ரூபாய்க் கீரைக்கட்டுக்கு மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.