ஆகாயத்தாமரை எருவாகும்போது

இலஞ்சிக் குமாரர் கோயிலைச் சுற்றி நெல்லும் தென்னையும்தான். அறுவடை முடிந்ததும் வைக்கோல் மாட்டுக்குப் போய்விடும். தென்னோலையும் மட்டையும் கேட்பாரற்றுக் கிடக்கும். தென்காசி வட்டாரத்துக் குளங்களிலோ ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. உடம்பில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்.

காய்ந்ததையும் ஈரமானதையும் சேர்த்து எருவாக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கரைக்கு இழுத்த செடியை வாடவிட்டு நறுக்க வேண்டும். நறுக்கிய ஓலை ஓர் அடுக்கு, செடி ஓர் அடுக்கு, மேலே சாணிக் கரைசல். கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற கணக்கில் அமைந்துவிட்டால் குவியல் தானாகச் சூடேறும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, சற்றுப் பொறுத்து உருவித் தொட்டுப் பாருங்கள், கை தாங்காது! 55 டிகிரிக்கு மேல் அந்தச் சூடு சில நாள் நின்றால் களை விதைகள் பெரும்பாலும் செத்துவிடும். ஓரத்தில் இருப்பது வேகாது. அதைக் கிளறி நடுவுக்குத் தள்ளுவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

இந்தூரில் வேளாண் ஆய்வாளர்களான ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்த வேலையை முறைப்படுத்தி 1931இல் நூலாகவே வெளியிட்டார்கள். நம் எருக்குழிக்குக் கிடைத்த மரியாதை அது.

பதமான எருவைப் பிழிந்தால் நீர் சொட்டாது, மண்வாசனைதான் வரும். பார்த்தீனியத்தையும் இதில் சேர்க்கலாம், பூக்கும் முன்பே பிடுங்கினால். ஆலைக்கழிவு கலக்கும் குளத்துச் செடியை மட்டும் வயலுக்குக் கொண்டுவராதீர்கள். கன உலோகங்களை அது வேரில் இழுத்து வைத்திருக்கும்.