தனி இசைக் கலைஞரும் ஸ்ட்ரீமிங் பிரசாரமும்

ஒரு பாடல் மக்களின் செவிக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அதற்கு முன் இசைத்தட்டுக் கம்பெனி, வானொலி நிலையம், விற்பனைக் கடை ஆகியவற்றின் தயவைப் பாடகர் பெற்றாக வேண்டும் என்ற நிலைமை நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் 1998-இல் தோன்றிய சிடி பேபி போன்ற நிறுவனங்கள், கம்பெனியின் ஆதரவில்லாத கலைஞர்களின் தட்டுகளை விற்றுக் கொடுக்கத் தொடங்கியபோது அந்த நிலைமை சற்றுத் தளர்ந்தது. சுவீடனில் பிறந்த ஸ்ட்ரீமிங் தளமான ஸ்பாட்டிஃபை, 2008-இல் ஐரோப்பாவிலும் 2019-இல் இந்தியாவிலும் சேவையைத் தொடங்கிய பிறகு அது ஏறத்தாழ முற்றிலும் மாறிப்போயிற்று. சொற்பக் கட்டணம் செலுத்தும் எவரும், டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் முதலிய விநியோகஸ்தர்கள் மூலமாகத் தம் பாடலைப் பல தேசங்களில் வெளியிட்டுவிடலாம். வெளியிடுதல் இவ்வாறு எளிதாகிவிட்டபடியால், கேட்கப்படுதலே அரிதாகிவிட்டது. அந்த அரிய பொருளைப் பெறுவதற்காகத் தனிக் கலைஞர்கள் இத்தளங்களில் செய்துவரும் பிரசாரம் அவர்களுக்கு எவ்வளவு தூரம் துணை செய்கிறது, எங்கே ஊறு விளைவிக்கிறது என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் அனுகூலங்களைச் சொல்வதே நியாயம். ஸ்பாட்டிஃபை 2015-இல் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ என்னும் பட்டியல், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவரவர் ருசியை அனுசரித்து 30 பாடல்களை நேயருக்கு எடுத்துக் கொடுக்கிறது. அதில் புகழ்பெற்ற பாடகரின் அருகிலேயே பெயர் அறியப்படாத பாடகரும் இடம்பெறக்கூடும். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்னர் பாடலைப் பற்றிய விவரங்களைச் சமர்ப்பித்தால், அது கலைஞரைப் பின்தொடர்வோரின் புதுவெளியீட்டுப் பட்டியலில் சேர்வதோடு, பிளேலிஸ்ட் ஆசிரியர்களின் பார்வைக்கும் போகிறது. இதற்குக் கட்டணமில்லை, பெரிய மனிதர்களின் சிபாரிசும் வேண்டியதில்லை. எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கும் கலைஞருக்குக் கிடைக்கிறது. கும்பகோணத்தில் இருந்து பாடும் ஒருவர், தமக்குக் கோலாலம்பூரில் நேயர்கள் பெருகியிருப்பதை அறிந்து, அங்கே கச்சேரிக்கு ஏற்பாடு செய்ய முடிகிறதென்றால், அது முந்திய தலைமுறைக் கலைஞர் எவருக்கும் வாய்க்காத வசதி.

ஆயினும் இந்த வசதியின் மறுபுறத்தில் பெருங்கூட்டம் நிற்கிறது. தினந்தோறும் 60,000-க்கு மேற்பட்ட புதிய பாடல்கள் வந்து சேர்வதாக 2021-இல் ஸ்பாட்டிஃபையே தெரிவித்தது. இந்த வெள்ளத்தில் கவனத்தை ஈர்ப்பதற்காகக் கலைஞர் தளத்தின் இலக்கணத்துக்குத் தம் இசையை வளைக்க நேர்கிறது. 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாடல் கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். 30 விநாடியைத் தாண்டிய பிறகோ, மூன்று நிமிஷத் துணுக்கும் நாற்பது நிமிஷ ராகம் தானம் பல்லவியும் ஒரே கேட்பாகத்தான் எண்ணப்படும். மெல்லத் தொடங்கி, ராகத்தின் சாயலைப் படிப்படியாக விரித்துக்கொண்டு போகும் ஆலாபனைக்கு இந்தக் கணக்கில் யாதொரு மதிப்பும் இல்லை. அவசரமே இங்கு ஆதாயம், நிதானம் நஷ்டம்.

பணத்தைப் பங்கிடும் முறையிலும் இதே குறை தொடர்கிறது. ஸ்பாட்டிஃபையின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாடல் உரிமையாளர்களுக்குப் போவது உண்மையே. ஆனால் அது ஒரே தொகையாகத் திரட்டப்பட்டு, மொத்தக் கேட்பில் அவரவர் வகிக்கும் விகிதப்படி பிரிக்கப்படுவதால், மாதம் முழுவதும் ஒரே ஒரு வீணைக் கலைஞரை மட்டும் கேட்கும் சந்தாதாரரின் பணத்திலும் மிகப் பெரும்பகுதி அவர் கேட்டிராத நட்சத்திரங்களுக்கே சேர்கிறது. 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு ராயல்டியே இல்லை. அத்தகைய சிறு தொகைகள் எப்படியும் விநியோகஸ்தர்களிடமே தங்கிவிடுகின்றன என்று நிறுவனம் கூறும் சமாதானத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. எனினும், ஏழையின் காசு சிறிது என்பது அதைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதற்கு நியாயமாகாது.

எல்லாவற்றினும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது, 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை அறிவித்த ‘டிஸ்கவரி மோட்’ ஏற்பாடு. இதன்படி கலைஞர் முன்பணம் எதுவும் கட்டுவதில்லை. தாம் குறிப்பிடும் பாடலை ரேடியோ, தானியங்கித் தொடர் முதலிய இடங்களில் அல்காரிதம் முன்னிறுத்த, அவ்வாறு கிடைக்கும் கேட்புகளின் ராயல்டியில் 30 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறார். கையில் பணமில்லாதவருக்கு இது உதவியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் தேரோட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர் குதிகாலை உயர்த்தினால் பின்னால் நிற்போர் யாவரும் உயர்த்த நேர்வதுபோல, எல்லோரும் இதில் சேர்ந்துவிட்டால் ஒருவருக்கும் கூடுதல் காட்சி கிடையாது. குறைந்த ராயல்டி மட்டும் எல்லோருக்கும் நிலைத்துவிடும். இந்த அச்சத்தினாலேயே 2021 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இருவர் நிறுவனத்திடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டனர். வானொலியில் பணம் வாங்கிக்கொண்டு ரகசியமாகப் பாட்டுப் போடும் வழக்கத்தை 1960-இல் சட்டத்தால் தடுத்த தேசம் அது. அந்தச் சட்டத்தின் தர்மம் மிக எளியது: தன் முன் ஒலிப்பது ருசியால் தேர்ந்ததா, பேரத்தால் வந்ததா என்பதை அறிந்துகொள்ள நேயருக்கு உரிமை உண்டு. டிஸ்கவரி மோட் வழியாக வரும் பாடலின்மீது அவ்வித அடையாளம் எதுவும் காணப்படுவதில்லை.

காசு வாங்கிக்கொண்டு கேட்பு எண்ணிக்கையைப் பெருக்கித் தருகிறோம் என்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போலிக் கேட்பு பிடிபட்டால் தளம் விநியோகஸ்தருக்கு அபராதம் விதிக்கும், பாடலும் நீக்கப்படலாம். எண்ணிக்கை உயர்ந்தாலும், கச்சேரிக்கு ஒரு நேயர்கூட வரப்போவதில்லை.

ஆகவே, இந்தப் பிரசாரத்தை அறவே துறப்பதும் விவேகமன்று. அதையே நம்பி வாழ்வதும் விவேகமன்று. தளம் நேயரை அறிமுகம் செய்துவைக்கும். அவருடைய முகவரியை மட்டும் கலைஞரிடம் கொடுக்காது. அறிமுகத்தைச் சிநேகமாக்கும் முயற்சி வேறிடத்தில் நடைபெற வேண்டும்: நேரடிக் கச்சேரியில், கலைஞர் தாமே திரட்டும் மின்னஞ்சல் பட்டியலில், அல்லது டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் கலைஞருக்கே விடும் பேண்ட்கேம்ப் போன்ற கடையில். சந்தாதாரரின் பணம் அவர் கேட்டவர்க்கே சேரும் முறையும் வெறுங்கனவன்று. சவுண்ட்கிளவுட் அதை 2021-இல் தனிக் கலைஞர்களுக்காகத் தொடங்கியது. பெரிய தளங்களும் அம்முறையை ஏற்க வேண்டும், பேரத்தால் முன்வரும் பாடலைப் பகிரங்கமாக அடையாளமிட வேண்டும் என்று கலைஞர்களும் ரசிகர்களும் ஒன்றுசேர்ந்து வற்புறுத்த வேண்டும். ராயல்டியை விட்டுக்கொடுத்துத்தான் ஒரு பாடகர் தம் குரலைப் பிறர் காதில் விழச்செய்ய முடியும் என்ற நிலைமை நீடிக்குமானால், அவரைச் சுதந்திரக் கலைஞர் என்று அழைப்பதில் பொருளில்லை.