முன்சீப் பாடிய கீர்த்தனைகள்

கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஒரு வாழ்க்கை முறை நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. ஆண்மக்கள் இளமையிலேயே பொருள் தேடிக் கடல் கடந்து செல்வர். முன்னர் இலங்கைக்கும் பர்மாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும். ஐம்பதைக் கடந்து ஊர் திரும்பும்போது வீடு எழும்பியிருக்கும்; மக்களுக்கு மணம் முடிந்திருக்கும். அப்பொழுதுதான் இளமையில் மூட்டை கட்டி வைத்த ஆசை மெல்லத் தலைதூக்கும். ஆர்மோனியம் பழகவோ, பாட்டெழுதவோ, பாடகர் குழுவில் நிற்கவோ மனம் விழையும். "இந்த வயதில் என்ன பாட்டு?" என்று வீட்டார் நகைப்பர். காலம் கடந்து வரும் கலை வெறும் பொழுதுபோக்குத்தானா? இவ்வினாவோடு ஒரு பழைய நூலை அணுகிப் பார்ப்போம். மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை இயற்றிய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' அது.

திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் வேதநாயகர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்து, முன்சீப்பாக உயர்ந்து, மாயூரத்தில் பல்லாண்டுகள் தீர்ப்பு எழுதினார். பதவியில் இருந்தபோதே 'நீதிநூல்' (1859) போன்ற செய்யுள் நூல்களை வெளியிட்டவர்தாம். எனினும் 1872இல் பதவியை விட்டு நீங்கிய பின்னரே அவருடைய பெரும் படைப்புகள் வெளிவந்தன. கீர்த்தனை நூல் 1878இல் அச்சேறியது. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' அடுத்த ஆண்டு வெளிவந்தது. அப்போது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார்.

இக்கீர்த்தனைகளைப் படிக்குந்தோறும் ஓர் உண்மை புலப்படுகிறது. நீதிமன்றத்தில் கழிந்த ஆண்டுகள் பாட்டுக்கு இழப்பாகிவிடவில்லை. அவையே பாட்டுக்கு உரமாயின. சான்றாக மொழிநடையைக் கொள்வோம். 1805 முதல் 1861 வரையிலான உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்து, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டவர் அவர். சட்டம் எளியோருக்கும் விளங்க வேண்டும் என்று உழைத்த அந்தக் கைதான் கீர்த்தனையையும் எழுதியது. பல்லவியைக் கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கிவிடுகிறது. அகராதியைத் தேடும் வேலை இல்லை. இராகமும் தாளமும் பொருந்திய அப்பாடல்களில் சில இன்றும் இசையரங்குகளில் ஒலிப்பதற்கு இத்தெளிவும் ஒரு காரணம்.

நூலின் பெயரும் நீதி இருக்கையில் பிறந்ததே என்பது நம் கருத்து. வழக்காடுவோரின் சாதியும் சமயமும் பாராமல் இரு தரப்பையும் கேட்பது நீதிபதியின் கடமை. அவ்வாறு கேட்டுப் பழகிய செவி, எல்லாச் சமயத்தாரும் ஒன்றாய் நின்று பாடத்தக்க சொற்களால் இறைவனை அழைத்தது. கத்தோலிக்கர் ஒருவர் கிறிஸ்துவின் பெயரை முன்னிறுத்தாமல் பாடலாமா என்று ஐயுறுவோர் உளர். அவர்கள் அவருடைய 'தேவமாதா அந்தாதி'யையும் 'திருவருள் மாலை'யையும் எடுத்துப் பார்க்கட்டும். தம் வீட்டு வழிபாட்டுக்கு ஒரு நூல், ஊர்ப்பொது மன்றத்துக்கு ஒரு நூல் என அவர் வகுத்துக்கொண்டார். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ளவற்றைத் திருச்சபை மதிக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மாயூரத்தில் ஒருவர் அவ்வுணர்வைப் பாட்டாக்கினார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அறிவுரைப் பாடல்கள் பலவற்றில் பாடகரை நீதிபதி முந்திக்கொள்கிறார். குற்றங்களை ஒவ்வொன்றாய் அடுக்கிச் சரணத்துக்குச் சரணம் தீர்ப்பு வழங்குகிறார். எதுகையும் மோனையும் ஓடிவருகின்றன, இசை பின்தங்கிவிடுகிறது. வாழ்நாள் முழுதும் கண்டவற்றையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் முதிர்ந்த வயதில் எழுதுவோருக்கு இயல்பு. அது கலைக்குச் சுமையாவதும் உண்டு.

ஆயினும் பஞ்சத்தைப் பற்றிய கீர்த்தனைகளுக்கு வரும்போது இக்குறை முற்றும் நீங்கிவிடுகிறது. 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தில் வேதநாயகர் கஞ்சி வார்த்துத் தம் பொருளைச் செலவிட்டார். அக்கொடையைப் புகழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியாரே கீர்த்தனை பாடினார். பசித்தோரை அருகிருந்து கண்டவர் இறைவனிடம் முறையிடும்போது தீர்ப்பு எதுவும் வழங்குவதில்லை. நேற்று வரை பிறர் வழக்கைக் கேட்டவர் இன்று தாமே வழக்காளியாய், ஏழைகளின் சார்பில் இறைவன் முன் நிற்கிறார். இந்த இடமாற்றமே நூலின் உயிர். முப்பது வயதில் அவர் இதைப் பாடியிருக்க இயலாது.

இவர் தனியர் அல்லர். தஞ்சையில் சித்த மருத்துவத்தால் பொருளீட்டிய ஆபிரகாம் பண்டிதர், ஐம்பதைக் கடந்தபின் 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார்; தம் செலவிலேயே இசை மாநாடுகளைக் கூட்டினார். ஆயிரம் பக்கங்களை மிஞ்சும் 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 58. மருந்து விற்ற பணம் இசையாராய்ச்சியாக மாறியது.

நம் கடற்கரையில் நேர்மாறான சான்றும் உண்டு. தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து கீழக்கரையில் மார்க்கக் கல்வி பெற்ற மஸ்தான் சாகிபு, இளமையிலேயே உலகைத் துறந்து பாட்டில் கரைந்தார். அது ஓர் அழைப்பு. குடும்பத்தையும் கடமையையும் சுமந்து, அவற்றை முடித்தபின் பாட வருவது மற்றோர் அழைப்பு. பின்னதை முன்னதன் எச்சமாகக் கருதுதல் பிழை. முதியவராகிய சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திப் பாடிய பாடலைத்தான் திருச்சபை ஒவ்வோர் இரவும் தன் மன்றாட்டில் பாடுகிறது. காத்திருந்தவரின் குரலுக்கு அது தந்திருக்கும் இடம் அத்தகையது.

ஆகவே நம் பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். பாடகர் குழு என்றால் இளையோர் குழு என்றே எண்ணிவிட்டோம். கடல் கடந்து உழைத்துத் திரும்பியவருக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும், பேரப்பிள்ளைகளை வளர்த்து முடித்த மூதாட்டிக்கும் அங்கே இடம் வேண்டும். குரல் நடுங்கலாம், சுருதி சற்று விலகலாம். இளங்குரலிடம் இல்லாத ஒன்றை அவர்கள் கொண்டுவருவார்கள். பாடும் சொல்லின் விலை இன்னதென்று வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள்.