ஏ.ஐ.ஆரும் ஏ.ஐ.யும்

ஆரணியில் பட்டுச் சேலை எடுத்தால் முந்தானைக் குஞ்சத்தில் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். (பணம் கொடுத்த பிறகு.) முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு. வக்கீல் மனுவுக்கும் இப்போது இப்படி ஒரு சோதனை தேவை.

முன்பு ஜூனியர்கள் தும்மிக்கொண்டே ஏ.ஐ.ஆர். வால்யூம்களைப் புரட்டி முன்தீர்ப்பு தேடுவார்கள். இப்போது ஏ.ஐ. ஒரு 'ஆர்'தான் குறைச்சல். நொடியில் எடுத்துத் தருகிறது. இல்லையென்றால் தானே நெய்துவிடுகிறது. 2023-ல் சாட்ஜிபிடியை நம்பி இல்லாத ஆறு தீர்ப்புகளைக் காட்டிய நியூயார்க் வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயத்தின் உத்தரவிலேயே இல்லாத தீர்ப்புகள்! ஒரே வாரத்தில் வாபஸ்.

அலுப்பு வேலையை மெஷின் செய்யட்டும். சரிபார்க்கிற அலுப்பையும் அதனிடமே விட்டுவிட்டு, தறியை அடகு வைத்துக் கேஸ் நடத்துகிறவரிடம் முழு ஃபீஸ் வாங்குவதுதான் அநியாயம்.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். உங்கள் வக்கீல் காட்டும் தீர்ப்பைத் தேடிப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் வக்கீலை மாற்றுங்கள்.