‘ஒரிஜினலா?’ என்பது பாதிக் கேள்வி

கரடுமுரடான பாதைக்கென்று வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பேர் தேடிப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, ‘ஒரிஜினலா?’ என்றுதான். கம்பெனிப் பெட்டியில் வந்தால் நல்ல சரக்கு, மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று மொத்தச் சந்தையையும் இரண்டாகப் பிரித்துவிடும் வழக்கம் இது. இதில் நியாயம் இல்லாமலில்லை. போலிகள் மலிந்த சந்தையில், அளவு பொருந்தும், புகார் சொல்ல ஒரு முகவரி இருக்கும் என்ற இரண்டு உறுதிகளைக் கம்பெனிப் பெட்டி தருகிறது. ஆனால் பாகத்தை யார் பெயரில் விற்கிறார்கள் என்பதற்கு மட்டுமே அந்தக் கேள்வியில் விடை கிடைக்கும். சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் புழுதியிலும் ஓடும் வண்டிக்கு, பாகம் எதைத் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் ஓட்டுபவருக்கு என்ன ஆகும் என்பவையே முக்கியம்.

சக்கர பேரிங்கை எடுத்துக்கொள்வோம். வண்டிக் கம்பெனிகள் பொதுவாக பேரிங் செய்வதில்லை. எஸ்.கே.எஃப்., என்.எஸ்.கே. போன்ற பேரிங் நிறுவனங்களிடம் வாங்கித்தான் பொருத்துகின்றன. 6203 என்று பொறித்த பேரிங் உலகில் எங்கே வாங்கினாலும் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., தடிமன் 12 மி.மீ. அதே தரத்தில் பேரிங் கடையில் கிடைப்பதற்குக் கம்பெனிப் பெட்டிக்கென்று கூடுதல் விலை கொடுப்பது வீண். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் கவனம் வேண்டும். ‘2ஆர்எஸ்’ என்றால் இருபுறமும் ரப்பர் சீல். ‘இசட்இசட்’ என்றால் இருபுறமும் தகடு மூடி. ஓடையைக் கடக்கும் வண்டிக்குத் தகடு மூடி போதாது. தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். செயினும் இப்படித்தான். 520 என்பதில் முதல் இலக்கமான 5, இணைப்புக்கு இணைப்பு உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 15.875 மி.மீ. என்று சொல்கிறது. 428 செயினில் அது அரை அங்குலம். இந்த எண்களெல்லாம் பொது மொழி. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை.

கம்பெனிப் பாகமே இந்த வேலைக்குப் போதாமல் போகும் இடங்களும் உண்டு. ஒரு மாடலை ஆயிரக்கணக்கானோர் வாங்குகிறார்கள். பெரும்பாலோர் அலுவலகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும்தான் ஓட்டுகிறார்கள். பாகங்களும் அந்தச் சராசரி ஓட்டத்தையும் விலையையும் மனத்தில் வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. காகித ஏர் ஃபில்டர் நுண்தூசியை நன்றாகவே வடிகட்டும். ஆனால் செம்மண் புழுதியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், கழுவவும் முடியாது. எண்ணெய் தோய்த்த ஃபோம் ஃபில்டரைக் கழுவி மறுபடி மாட்டலாம். சாதாரண ஆர்கானிக் பிரேக் பேட் சேற்று நீரில் வேகமாகத் தேயும். உலோகத் தூளை இறுக்கிச் செய்யும் சின்டர்டு பேட் நின்று பிடிக்கும், பதிலுக்கு டிஸ்க்கைக் கொஞ்சம் தின்னும். ஹீரோ நிறுவனமே 2020இல் எக்ஸ்பல்ஸ் 200க்கு மாற்று சஸ்பென்ஷன், டயர் உள்ளிட்ட பாகங்களை ‘ராலி கிட்’ என்று தனியாக விற்றது. ஷோரூமிலிருந்து வரும் வண்டியும் ராலி ஓட்டும் வண்டியும் வேறு என்பதை ஒப்புக்கொண்டதாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்காக, ‘அதிகக் காற்று, அதிக பவர்’ என்று விற்கப்படும் ஃபில்டர்களை நம்பிவிடக் கூடாது. அதிகக் காற்றோடு தூசியும் போனால் தேய்வது பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும்தான்.

‘ஒரிஜினலா?’ என்று கேட்காதவர்கள் செய்வது இன்னொன்று: கழற்றிய பாகத்தையே கடைக்கு எடுத்துப்போய் ‘இதே மாதிரி கொடுங்கள்’ என்பது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகள் பெரிதும் இந்த வழக்கத்தில்தான் நடக்கின்றன. கண்ணால் ஒப்பிடுவது நல்லதுதான், ஆனால் தேய்ந்துபோன பாகம் எப்படி அளவுகோலாகும்? மாடல் பெயரும் ஏமாற்றும். ஹிமாலயன் என்ற மாடல் 2016இல் கார்புரேட்டரோடு வந்தது. மறு ஆண்டு பி.எஸ்.4 மாசு விதிக்கேற்ற வடிவம் எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. 2023இல் வந்த ஹிமாலயன் 450க்கு இன்ஜினே வேறு. ‘ஹிமாலயனுக்கு’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் அது எந்த ஹிமாலயனுக்கோ பொருந்தும். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பாக எண்ணைக் கேட்பதே சரி. பழைய பாகங்களில் பெட்ரோல் டேங்க், இன்ஜின் கவர் போன்றவற்றைத் துணிந்து வாங்கலாம். வளைந்து நிமிர்த்திய ஃபோர்க் குழாயையும் விழுந்து எழுந்த ரிம்மையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது; விரிசல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்ஜினையே மாற்றினால் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் மாற வேண்டும் என்பதைப் பலர் நினைத்துப்பார்ப்பதில்லை.

இத்தனை கணக்குப் போட எல்லாருக்கும் நேரம் ஏது, கம்பெனிப் பெட்டியை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று கேட்கலாம். வாரண்டி இருக்கும்வரை இன்ஜினுக்கும் மின்சாரப் பாகங்களுக்கும் இந்தக் கட்சி வெல்லும். வெளிப் பாகம் போட்டுவிட்டு வாரண்டிக்காக வாதாடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஸ்பிட்டி மாதிரி மலைப் பகுதிகளில் வண்டி நின்றுவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்காது. அங்கே உதவுவது பையில் இருக்கும் கிளட்ச் கேபிளும் டியூபும் லீவரும், இந்த பேரிங்குக்குப் பொது எண் இன்னது என்ற அறிவும்தான். லீவருக்கே இரண்டு நீதி உண்டு. கிளட்ச் லீவர் லோக்கல் சரக்காக இருக்கலாம், உடைந்தால் சிரமப்பட்டாவது வீடு வரலாம். முன் பிரேக் லீவரில் அந்தச் சிக்கனம் கூடாது. பல வண்டிகளில் லீவரின் நுனிப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். விழுந்தால் நுனி மட்டும் முறிந்து, பிடிக்க மீதி மிஞ்ச வேண்டும் என்பதற்காக வைத்தது அது. மலிவு நகல்களில் அந்தப் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குபவர் அரிது.

ஆகவே இண்டிகேட்டர், மட்கார்ட், கண்ணாடி போன்றவற்றில் சேமியுங்கள். இந்த ஓட்டத்தில் அவை எப்படியும் உடையத்தான் போகின்றன. அந்தப் பணத்தைப் பிரேக்கிலும் சக்கரத்திலும் ஃபோர்க்கிலும் ஏர் ஃபில்டரிலும் போடுங்கள். எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் தயாரிப்பாளர் முகவரியும் மாதமும் ஆண்டும் அதிகபட்ச விலையும் அச்சிடாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பில் தர மறுக்கும் கடையில் பிரேக் பேட் வாங்காதீர்கள்.