ஆளும் ஆளணியும்

ஒலியால் நெருங்கிப் பொருளால் விலகும் ஆங்கிலச் சொற்களுள் ‘பர்சனல்’, ‘பர்சனெல்’ என்னும் இரண்டைத் திருப்பணியாளர் எண்ணிப்பார்த்தல் நலம். முன்னதில் அழுத்தம் முதலசையில் விழும், பின்னதில் இறுதியசையில். முன்னது ஓர் ஆளுக்கே உரியதைக் குறிக்கும்; பின்னது ஒரு நிறுவனத்தின் பணியாளர் அனைவரையும் ஒரு தொகுதியாகக் குறிக்கும். தமிழில் இரண்டும் ‘பர்சனல்’ என்றே ஒலிக்கின்றன. பழைய ஆலைகளில் ‘பர்சனலில் அழைத்தார்கள்’ என்றால் அலுவலகம். ‘பர்சனலாக அழைத்தார்கள்’ என்றால் அந்தரங்கம். வேறுபாட்டை உருபு ஒன்றே தாங்கிற்று.

இரண்டற்கும் வேர் ‘பெர்சோனா’ என்னும் இலத்தீன் சொல். திரித்துவத்தை விளக்கத் திருச்சபை கையாண்ட சொல்லும் அதுவே. தமிழில் அதனை ‘ஆள்தத்துவம்’ என்கிறோம். ‘பர்சனெல்’ என்பதோ பிரெஞ்சுப் படைத்துறை வழக்கினின்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. தளவாடங்கள் ஒருபுறம், ஆட்கள் மறுபுறம் என்று எண்ணும் கணக்கில் பிறந்த சொல் அது. இலங்கைத் தமிழரின் ‘ஆளணி’ அதற்கு நன்கு பொருந்தும்.

இன்று அச்சொல்லும் மறைந்துவருகிறது. தமிழ்நாட்டரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2021இல் மனிதவள மேலாண்மைத் துறையாயிற்று. ஆலைகளிலும் அதுவே வழக்கு. ‘பணியாளர்’ என்பதில் ‘ஆளர்’ எஞ்சியிருந்தார். ‘வளம்’ என்பதில் நீரும் நிலமும் மனிதனும் ஒன்றே.

ஆலைகளைக் குறைகூறுமுன் நம் பிரசங்க மேடையை நோக்குவோம். ‘பர்சனல் இரட்சிப்பு’ என்று நாம் முழங்கும்போது, ஆளுக்குரியதை அந்தரங்கமானதாகச் சுருக்கிவிடுகிறோம். தண்டலத்தைக் கடந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆலைப் பேருந்தில் செல்பவரின் உழைப்பு அவ்விரட்சிப்புக்குப் புறம்பாகிவிடுகிறது. 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியத்தோடு, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டுமென்பதும் அவர்களுடைய தலையாய கோரிக்கை. எண்ணப்பட்டவர்கள், தங்களோடு பேசவேண்டும் என்றார்கள். அது ஆள்தத்துவத்தின் குரல் அன்றோ?

ஆளணியை எண்ணுதல் குற்றமன்று. எண்ணாமல் ஊதியம் வழங்க இயலாது. ஆனால் தாவீது தன் வலிமையை அறிய மக்களைத் தொகையிட்டான். நல்ல மேய்ப்பனோ தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். நம் சபைப் பதிவேட்டில் குடும்ப எண்ணும் சந்தா நிலுவையும் உள. இரவுப் பணி முடிந்து ஞாயிறு ஆராதனையில் கண்ணயரும் இளைஞனின் பெயரை நாம் அறிவோமா? அறியாவிடில், நாம் வைத்திருப்பதும் ஆளணிப் பட்டியலே.