எழுதியதை எங்கே வைப்பது?
வலைப்பதிவு, கருத்துக்களம், சமூக ஊடகம்: ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

'சமூக ஊடகங்களின் நன்மை தீமைகள்' என்ற தலைப்பில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை நீங்களும் நிறையத் திருத்தியிருப்பீர்கள். நன்மை மூன்று, தீமை மூன்று, கடைசியில் 'கத்தியைப் போன்றது, பயன்படுத்துபவரைப் பொறுத்தது' என்று ஒரு முடிவுரை. புள்ளி கிடைத்துவிடும். ஆனால், அதைப் படித்துவிட்டு யாரும் தம் பழக்கத்தில் ஒரு சின்ன விஷயத்தைக்கூட மாற்றிக்கொள்ளப் போவதில்லை. எல்லா ஊடகங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு 'நல்லதா, கெட்டதா?' என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

ஆகவே, கேள்வியைச் சுருக்கிக்கொள்வோம். பொழுதுபோக்காகத் தமிழில் எழுதும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சிறுகதை எழுதிப் பார்க்கும் படிவம் நான்கு மாணவியாக இருக்கலாம், சமையல் குறிப்பு எழுதும் இல்லத்தரசியாக இருக்கலாம், விடுமுறையில் பறவைகளைப் படமெடுக்கும் ஆசிரியராகவும் இருக்கலாம். அவர் தம் படைப்பை இணையத்தில் எங்கே வைக்க வேண்டும்?

திறனாய்வு என்றால் அளவுகோல் வேண்டும். நான்கை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, படைப்பை உடனே படிக்க ஆள் உண்டா? இரண்டு, பிழை இருந்தால் சொல்லித் திருத்த ஆள் உண்டா? மூன்று, எழுதியவர் பெயர் படைப்போடு ஒட்டியிருக்குமா? நான்கு, ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் தேடினால் அது கிடைக்குமா?

கருத்துக்களம்: திருத்தம் கிடைத்த இடம்

தமிழர்கள் இணையத்தில் முதலில் கூடிப் பேசியது மின்னஞ்சல் குழுக்களிலும் கருத்துக்களங்களிலும்தான். 1990களின் நடுவில் தமிழ்.நெட் குழு இருந்தது. பிறகு யாழ் களம், ஈகரை போன்றவை வந்தன. யுனிகோடு பரவுவதற்கு முன்பு தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறு; அதைப் பதிவிறக்கம் செய்யாவிட்டால் திரையில் கிறுக்கல்தான் தெரியும். அவ்வளவு சிரமத்திலும் மக்கள் எழுதினார்கள். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் அப்படித் தட்டச்சு செய்ய உதவிய மென்பொருள்களில் ஒன்று.

களத்தின் பலம் அதன் 'இழை' அமைப்பில் இருக்கிறது. ஒருவர் கவிதையைப் போடுவார். கீழே ஒருவர் 'இங்கே வல்லினம் மிகாது' என்பார். இன்னொருவர் 'மூன்றாம் வரி தேவையில்லை' என்பார். மூன்றாமவர் அதை மறுப்பார். படைப்பும் அதைப் பற்றிய பேச்சும் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டாம் அளவுகோலில் களத்துக்கே முழுப் புள்ளி.

குறையும் அங்கேயே இருக்கிறது. ஒருவர் பத்து ஆண்டுகள் எழுதினாலும் அவருடைய எழுத்து நூறு இழைகளில் சிதறிக் கிடக்கும். 'இவர் எழுதியதெல்லாம் இதோ' என்று ஒரே பக்கத்தைக் காட்டுவது கடினம். இடமும் அவருடையது அல்ல. நடத்துபவர் சேவையகக் கட்டணத்தை நிறுத்தினால் எல்லோருடைய எழுத்தும் சேர்ந்தே போய்விடும். யாகூ குழுமங்கள் 2020இல் மூடப்பட்டபோது நடந்ததும் இதுதான்.

சமூக ஊடகம்: கூட்டம் உண்டு, மறுநாள் இல்லை

"டீச்சர், வலைப்பூவெல்லாம் இப்ப யாரு படிக்கிறா?" என்று மாணவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. முதல் அளவுகோலில் முகநூல், படவரி, புலனம் ஆகியவற்றை வெல்ல ஆளில்லை. பள்ளியில் தமிழ் படிப்பவர்கள் ஐந்தே பேர் என்றால் அந்த மாணவிக்கு வாசகர் எங்கிருந்து வருவார்? முகநூலில் போட்டால் அத்தை படிக்கிறார், வேறு மாநிலத்து ஆசிரியர் ஒருவர் பாராட்டுகிறார். அந்த ஊக்கத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

இருந்தாலும், இடம் எழுத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். முகநூல் 2009இல் விருப்பப் பொத்தானைக் கொண்டுவந்தது. நீண்ட பதிவானால் சில வரிகளுக்குப் பிறகு 'மேலும் காண்க' என்று வெட்டிவிடுகிறது. எழுதுபவர் என்ன செய்வார்? வெட்டுவதற்கு முன்பே வாசகரைப் பிடித்துவிடப் பார்ப்பார். முதல் வரியிலேயே உணர்ச்சி கொட்டும்; விளக்கம் ஓடி ஒளிந்துகொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டியைப் பற்றி ஒரு மாணவி எழுத நினைக்கிறாள். முகநூலுக்கு என்றால் இப்படி வரலாம்: 'பாட்டியின் கையில் பால் வாசம், என் கையில் கைப்பேசி வெளிச்சம்.' நன்றாகத்தான் இருக்கிறது. ஐம்பது பேர் விருப்பம் போடுவார்கள். ஆனால், பாட்டிக்குத் தெரிந்தது அந்த வாசம் மட்டுமா? விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பது அவருக்குத் தெரியும். நிரை பிடிப்பது என்றால் என்ன, மங்கை எங்கே மாட்டுவது, ஒட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்தச் சொற்களை அறிந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. இரண்டு வரிக் கவிதையில் இவற்றுக்கு இடமில்லை. பாட்டியோடு ஒரு மாலை உட்கார்ந்து கேட்டு, எண்ணூறு சொற்களில் எழுதினால்தான் இடம் உண்டு. அப்படி எழுதினாலும், முகநூலில் அது மூன்றாம் நாள் கீழே போய்விடும்.

இன்னொரு குறை, கவிதையைப் படமாக்கிப் போடும் பழக்கம். பூ, மழை, காப்பிக் கோப்பை என்று ஒரு பின்னணி; மேலே வரிகள். பார்க்க அழகுதான். ஆனால், படத்திலுள்ள எழுத்து தேடுபொறியில் எளிதில் அகப்படாது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படித்துக் காட்டும் என்ற உறுதியில்லை. புரியாத சொல்லை நகலெடுத்து அகராதியில் போட்டுப் பார்க்கவும் மாணவரால் எளிதில் முடியாது. எழுத்தை எழுத்தாக வைக்காமல் படமாக வைத்தால், யுனிகோடு கொடுத்த வசதியை நாமே திருப்பிக் கொடுத்தது போலாகும்.

மூன்றாம் அளவுகோலில் புலனம் ரொம்பவே பின்தங்குகிறது. நகலெடுத்து ஒட்டும்போது முதலில் உதிர்வது எழுதியவர் பெயர். பெயர் உதிர்ந்தால்கூடப் பரவாயில்லை, வேறொரு பிரபலத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது! 'அனுப்பப்பட்டது' என்ற குறியைப் புலனம் 2018இல் சேர்த்தது. அந்தக் குறி, செய்தி வேறிடத்திலிருந்து வந்தது என்று சொல்லும். யாரிடமிருந்து தொடங்கியது என்று சொல்லாது.

சமூக ஊடகத்தை நான் பசார் மாலாமோடு ஒப்பிடுவேன். கூட்டம், வெளிச்சம், விற்பனை எல்லாம் உண்டு. மறுநாள் காலையில் அதே சாலையில் போய் நேற்று வாங்கிய கடையைத் தேடினால் கிடைக்காது.

வலைப்பதிவு: சொந்த முகவரி

பிளாக்கர் 1999இல் தொடங்கியது. 2003இல் கூகுள் அதை வாங்கியது. அதே 2003ஐ ஒட்டித்தான் தமிழ் வலைப்பதிவுகளும் முளைத்தன. 2004இல் வந்த 'தமிழ்மணம்' திரட்டி அவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டியது. யார் புதிதாக எழுதினாலும் அங்கே தெரியும். வாசகர் அங்கிருந்து வீடு வீடாகப் போய்ப் படித்தார்.

பொழுதுபோக்கு வலைப்பதிவு என்ன செய்யக்கூடும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று 'தமிழில் புகைப்படக்கலை' என்ற கூட்டு வலைப்பதிவு. புகைப்பட ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து கேமராப் பாடங்களைத் தமிழில் எழுதினார்கள். மாதாந்திரப் போட்டி வைத்தார்கள். வாசகர் அனுப்பிய படங்களைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். களத்தின் உரையாடலும் வலைப்பதிவின் ஒழுங்கும் அங்கே சேர்ந்திருந்தன. நம் நாட்டில் சுப. நற்குணனின் 'திருத்தமிழ்' வலைப்பதிவு தமிழ்மொழி தொடர்பானவற்றை எழுதி வந்ததைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள்.

வலைப்பதிவின் பலம் எளிமையானது. ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஒரு சுட்டி உண்டு. தேதி உண்டு. குறிச்சொல் போட்டு வகைப்படுத்தலாம். எழுதியவர் பெயர் பக்கத்தின் தலையிலேயே இருக்கும். பிழை தெரிந்தால் திருத்தலாம். அடுத்து வரும் வாசகர் திருத்திய வடிவத்தையே படிப்பார். பாட்டியின் தோட்டச் சொற்களுக்குச் சரியான இடம் இதுதான்.

'நீளமாக எழுதினால் யாருங்க படிப்பா?' என்போருக்கு ஒரு பதில் உண்டு. ஜெயமோகன் 'வெண்முரசு' நாவல் வரிசையை 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள். அவர் பெயர்பெற்ற எழுத்தாளர், நம் மாணவர்களோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால், நீளமும் தொடர்ச்சியும் இணையத்துக்கு ஒத்துவராது என்ற வாதம் அதோடு பலமிழந்துவிடுகிறது.

வலைப்பதிவின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது, வாசகர் வரும் பாதை சுருங்கிவிட்டது. கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது. பதிவர்களில் பலர் முகநூலுக்குப் போனார்கள். இரண்டாவது, வலைப்பதிவில் ஆசிரியர் குழு இல்லை. 'வல்லினம்' போன்ற இணைய இதழுக்கு ஒரு படைப்பை அனுப்பினால் அதை ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்ய ஒருவர் இருக்கிறார். வலைப்பதிவில் எழுதுபவரே நீதிபதி. சந்திப்பிழையோடு கிடக்கும் பதிவுகள் அதனால்தான் ஏராளம். மூன்றாவது, வலைப்பதிவும் இறுதியில் ஒரு நிறுவனத்தின் இடத்தில்தான் இருக்கிறது. ஜியோசிட்டீஸ் 2009இல், ஆர்குட் 2014இல், கூகுள் பிளஸ் 2019இல் போனது போல இதுவும் போகலாம். வேறுபாடு என்னவென்றால், பிளாக்கரில் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கி வேறிடத்துக்குக் கொண்டுபோக வழியுண்டு. முகநூலிலும் நம் தகவலைப் பதிவிறக்கலாம்; ஆனால், நம் பதிவுக்காக மற்றவர்கள் அங்கே வைத்திருந்த சுட்டிகளுக்கு அதனால் பயனில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

இதெல்லாம் மாணவர் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாம் தயாரிக்கும் பயிற்சித்தாள், மாதிரிக் கட்டுரை, இலக்கியக் குறிப்பு எல்லாம் எங்கே இருக்கின்றன? புலனக் குழுவிலும் டெலிகிராமிலும். ஓர் ஆசிரியர் இரவு கண்விழித்துத் தயாரித்த தாள் பத்துக் குழுக்களைச் சுற்றி வரும்போது அவர் பெயர் அதில் இருப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், தாளில் ஒரு விடை தவறாக இருந்தால் அதைத் திரும்ப அழைக்க முடியாது என்பது. திருத்திய தாளை அனுப்பினாலும் பழையதும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். எஸ்.பி.எம். மாணவர் கையில் எது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதே தாள் வலைப்பதிவில் இருந்து, குழுவில் அதன் சுட்டியை மட்டும் பகிர்ந்திருந்தால், ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

முடிவாக

நான்கு அளவுகோலையும் சேர்த்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. படைப்பு குடியிருக்க வலைப்பதிவு. வாசகரை அழைத்து வர சமூக ஊடகம். வெளியிடுமுன் திருத்திக்கொள்ள ஒரு சிறு களம். அது வகுப்பில் நான்கு மாணவர் கொண்ட குழுவாகவும் இருக்கலாம். வரிசைதான் முக்கியம். முதலில் குழுவில் படித்துத் திருத்துங்கள். பிறகு வலைப்பதிவில் எழுத்தாக ஏற்றுங்கள். அதன் பிறகு முகநூலிலோ புலனத்திலோ இரண்டு வரி அறிமுகத்தோடு சுட்டியைப் பகிருங்கள். ஆண்டுக்கொரு முறை முழுவதையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் வலைப்பதிவு தொடங்கினால் பெற்றோர் அனுமதி வேண்டும். புனைபெயர் போதும், பள்ளியின் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி வேண்டாம். பின்னூட்டத்தை ஆசிரியர் பார்த்த பிறகே வெளியிடும்படி அமைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களுக்குச் சில வினாக்கள்

1. இக்கட்டுரையின் நான்கு அளவுகோல்களில் உங்களுக்கு முக்கியமானது எது? ஏன்?
2. ஐந்தாவதாக ஓர் அளவுகோலைச் சேர்ப்பதென்றால் எதைச் சேர்ப்பீர்கள்? அதைச் சேர்த்தால் தீர்ப்பு மாறுமா?
3. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அவர் செய்த தொழிலுக்குரிய பத்துச் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் தாருங்கள்.
4. 'சமூக ஊடகங்களின் நன்மை தீமைகள்' என்ற தலைப்பை, விவாதிக்கத்தக்க ஒரே கேள்வியாகச் சுருக்கி எழுதுங்கள்.